ஏலமும் ஏலமும்

'ஏலம் ஏலத்துக்கு வந்திருக்கிறது' என்று போடிநாயக்கனூரில் சொன்னால் எவரும் சிரிப்பதில்லை. முதற்சொல் மலையின் பழஞ்சொல். இரண்டாவது, போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற 'லெய்லாவ்'. பயிரின் பெயரும் விற்கும் முறையின் பெயரும் ஒன்றாகிவிட்ட இவ்வூரில் இருந்துகொண்டு, ஒரு நாட்டின் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கைச் சற்று வாசித்துப் பார்க்கலாம்.

கணக்கு மிகப் பழையது. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயங்களுக்குக் குறையாமல் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமானியரான பிளினி வருந்தி எழுதினார். மிளகுக்கும் மணப்பொருள்களுக்கும் அவர்கள் பொன்னைக் கொடுத்தார்கள். அவர்களிடம் நாம் வாங்க வேண்டியது குறைவாகவே இருந்தது. இன்றைய வழக்கில் சொன்னால், அது உரோமின் வர்த்தகப் பற்றாக்குறை. (தொகை மிகைப்பட்டது என்பாரும் உளர். புலம்பல் மெய்யானது.)

ஏலமலையின் விளைச்சல் நெடுங்காலம் திருவிதாங்கூர் அரசின் ஏகபோகமாக இருந்தது. மலையடிவாரத்துப் போடி அதன் சந்தையாயிற்று. 1928இல் மதுரையிலிருந்து இரயிலும் வந்தது. 1956இல் தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு சேர்ந்தபின், தோட்டம் ஒரு மாநிலத்திலும் வணிகம் மறு மாநிலத்திலுமாக நின்றன. 1966இல் அமைந்த ஏலக்காய் வாரியத்தின் கண் அரபு நாடுகளின்மேல் இருந்தது. ஏலம் மணக்காத கஹ்வாவை அங்கே விருந்தினருக்கு நீட்ட மாட்டார்கள்.

அந்தச் சந்தையை நம்மிடமிருந்து பறித்தது நாம் எண்ணியும் பார்த்திராத ஒரு சிறு நாடு. 1914ஐ ஒட்டி ஜெர்மானியத் தோட்டக்காரர் ஒருவர் குவாதமாலாவில் நட்ட ஏலம், 1980களில் இந்தியாவை முந்திவிட்டது. அம்மக்கள் ஏலக்காயை அதிகம் உண்பதில்லை. ஆகவே விளைந்ததில் பெரும்பகுதி அப்படியே கப்பலேறியது. அப்பத்தாண்டின் இறுதியில் நம் ஏற்றுமதி சில நூறு டன்களாகச் சுருங்கியது. 1991இல் அந்நியச் செலாவணி தீர்ந்து, ஏறத்தாழ 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் நாட்டு மத்திய வங்கிகளிடம் அடகு வைத்தோம். பிளினி கண்டிருந்தால் என்ன எழுதியிருப்பாரோ!

ஆனால் ஏலமலை அழியவில்லை. பாயசத்துக்கும் பிரியாணிக்கும் தேநீருக்கும் பான் மசாலாவுக்கும் உள்நாடே வாங்கிக்கொண்டது, அதுவும் உலக விலையைவிடக் கூடுதலாக. ஏற்றுமதி சரிந்ததற்குக் குவாதமாலாவை மட்டும் குறைசொல்வது பாதி உண்மையே. வீட்டில் நல்ல விலை கிடைக்கும்போது கடல் கடந்து மலிவாக விற்க வியாபாரிக்கு என்ன வேண்டுதல்? நாட்டின் பேரேட்டில் நட்டம் என விழுந்தது, தோட்டக்காரரின் ஏட்டில் அவ்வாறு விழவில்லை. 1990களில் பரவிய ஞள்ளானி இரகம் விளைச்சலைப் பெருக்கியது. அதனோடு பூச்சிமருந்தும் பெருகியது. 2018இல் அதன் எச்சத்தைக் காட்டிச் சவூதி அரேபியா நம் காயைத் திருப்பியது.

மறு ஆண்டு ஆகஸ்டில், புற்றடி ஏலத்தில் கிலோ 7000 ரூபாயைத் தொட்டது. வெள்ளமும் வறட்சியும் விளைச்சலைக் குலைத்திருந்த ஆண்டு அது. அந்த விலைக்கு விற்கக் காய் வைத்திருந்தவர் சிலரே. விடியுமுன் போடியில் ஜீப்பேறி மெட்டைக் கடந்து காய் எடுக்கப் போகும் பெண்களுக்கோ, 7000 என்பது செய்தித்தாளில் வந்த ஓர் எண். அவர்களுடைய கணக்கு நாட்கூலியில் நடக்கிறது. காய் குறைந்த ஆண்டில் வேலைநாளும் குறைந்தது.