வகுப்பில் எடுபடாத யோசனை

மதிப்பெண் பற்றிப் பேச்சு வந்தாலே எனக்கு ரால்ஃப் மெர்க்கல் நினைவுக்கு வருவார்.

1974இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணினிப் பாதுகாப்பு வகுப்பு. புராஜெக்டுக்கு முதலில் முன்மொழிவு எழுதித் தரவேண்டும். மாணவர் மெர்க்கல் இரண்டு தந்தார். முதலாவது இதுதான்: முன்பின் ரகசியம் எதுவும் பகிராத இருவர், எல்லோரும் ஒட்டுக்கேட்கும் கம்பியிலேயே பேசி ஒரு ரகசியச் சாவியை உண்டாக்க முடியுமா?

பிறகு அவர் செம்மைப்படுத்திய முறை எளிது. ஒருவர் ஏராளமான புதிர்களை அனுப்புவார். ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் எண், ஒரு சாவி. மற்றவர் ஏதோ ஒரு புதிரை அவிழ்த்து, எண்ணை மட்டும் வெளிப்படையாகச் சொல்வார். சாவி இருவருக்கும் தெரிந்துவிடும். ஒட்டுக்கேட்பவரோ அது எந்தப் புதிர் என்று தெரியாமல் சராசரியாகப் பாதிப் புதிர்களையாவது அவிழ்க்கவேண்டும்.

பேராசிரியருக்கு அந்த முதல் முன்மொழிவு குழப்பமாகப் பட்டது. இரண்டாவதே தேவலை என்றார். மெர்க்கல் வகுப்பை விட்டார், யோசனையை விடவில்லை. 1975இல் அனுப்பிய கட்டுரையும் முதலில் நிராகரிக்கப்பட்டு, 1978இல்தான் அச்சேறியது. அதற்குள், 1976இல், ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த டிஃபியும் ஹெல்மனும் பொதுச் சாவி பற்றிய கட்டுரையை வெளியிட்டுவிட்டார்கள். அந்த முறைக்கு மெர்க்கல் பெயரையும் சேர்க்கவேண்டும் என்று பின்னாளில் ஹெல்மனே சொன்னார்.

இன்று ஆசிரியராக இருக்கும் என் பிள்ளைகளே, ஒரு தாள் புரியவில்லை என்றால் சிவப்பு மையால் சுழிக்குமுன், எழுதிய பிள்ளையைக் கூப்பிட்டு ஒருமுறை விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.