இயக்கி குவேனி

இலங்கையின் பழங்கதைகளுள் மாயமும் காதலும் அரசியலும் ஒருங்கே கலந்து நிற்பது குவேனியின் கதையாகும். பாளி மொழியில் மகாநாம தேரர் இயற்றிய மகாவம்சத்தின் ஏழாம் அதிகாரத்தில் அது இடம்பெறுகின்றது. விசயன் இத்தீவில் இறங்கிய ஆண்டு கி.மு. 543 என்பது மரபு. அந்நூல் தோன்றியதோ அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளின் பின்னர்.

விசயனும் 700 தோழரும் கரையேறியபோது பெண்நாய் ஒன்று அவர்முன் தோன்றிற்று. நாய் உள்ள இடத்தில் ஊரும் இருக்கும் என்றெண்ணிய ஒருவன் அதனைப் பின்தொடர்ந்தான். அதுவோ நாய் வடிவெடுத்த ஓர் இயக்கி, குவேனியின் பணிப்பெண். மரத்தடியில் தவமகள் போல் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்த குவேனி, அங்கு வந்தோரை ஒருவர்பின் ஒருவராகப் பற்றிப் பிலத்தினுள் எறிந்தாள். கையிற் கட்டியிருந்த காப்புநூலின் வலிமையால் அவர்களை அவளால் உண்ண முடியவில்லை. இறுதியில் வந்த விசயன் அவள் கூந்தலைப் பற்றி வாளை ஓங்கினான். அவள் உயிர்ப்பிச்சை வேண்டினாள்; அரசொன்று தருவதாகவும் கூறினாள். தோழரை விடுவித்தபின், பதினாறு வயது நங்கையாக உருமாறி அவனுக்கு மனைவியானாள்.

சொன்ன சொல்லை அவள் காத்தாள். கண்ணுக்குப் புலப்படாத இயக்கரை வெல்வது எவ்வாறு என்று விசயன் வினவியபோது, தான் குரலெழுப்பும் இடத்தில் வெட்டுமாறு வழிகாட்டினாள். சிறீசவத்து நகரில் மணவிழாவிற் கூடியிருந்த அவளுடைய இனத்தார் அவ்வாறே அழிந்தனர்.

அரசு கிடைத்தபின் முடிசூட்டு விழா வந்தது. ஒத்த குலத்து அரசமகள் இன்றி முடிபுனைய விசயன் இசையவில்லை. மதுரைக்குத் தூது சென்றது. பாண்டியன் மகள் மணமகளாக வந்தாள். மனிதர் இயக்கரைக் கண்டு அஞ்சுவர் என்று கூறி, இரு மக்களையும் விட்டுச் செல்லுமாறு குவேனியைப் பணித்தான் விசயன். அவள் மக்களையும் அழைத்துக்கொண்டு இலங்காபுரம் சென்றாள். வேவு பார்க்க வந்தவள் என்று ஐயுற்ற இயக்கன் ஒருவன் அவளை ஒரே அடியிற் கொன்றான். பிள்ளைகள் தாய்மாமன் சொற்படி சிவனொளிபாதமலைப் பக்கம் தப்பியோடினர். புலிந்தர் என்னும் மலைவாழ் மக்கள் அவர்தம் வழியினர் என்று மகாவம்சம் கூறும்.

இதனை எவ்வாறு வரலாறாகக் கொள்வது? மகாவம்சத்துக்கு முந்திய தீபவம்சம் விசயனைக் கூறுகின்றது, குவேனியைக் கூறவில்லை. அதே சிறீசவத்து நகரில் இயக்கியர் அழகிய மகளிராக உருமாறிக் கப்பலுடைந்த வணிகரை மயக்கியதாக வலாகச சாதகம் கூறுகின்றது. கடலோடிகளிடையே வழங்கிய பழங்கதை ஒன்று அரசமரபின் தொடக்கத்தோடு இணைக்கப்பட்டது என்று கொள்ள இடமுண்டு.

அகழ்வாய்வு கூறுவது வேறு. இத்தீவின் குகைகளிற் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் வாழ்ந்துள்ளனர். அநுராதபுரத்தில் கி.மு. 900 அளவிலேயே இரும்பும் நெல்லும் வழங்கின. வந்தவர் கண்ட கரை ஆளற்ற கரையன்று. நூல் நூற்றவளும், நகரமைத்து மணவிழா நடத்தியவர்களும் கதையில் மனிதராக வரவில்லை, இயக்கராகவே வருகின்றனர். முன்னிருந்தோரை மனிதரல்லாதவராகக் காட்டிவிட்டால், அவர்களை அழித்ததற்குக் கணக்குக் கேட்பாரில்லை. உருமாற்றம் என்பது இங்கே குவேனியின் மாயம் மட்டுமன்று. கதை சொல்வோரின் தேவையும் ஆகும்.

ஆயினும் கதை அத்தோடு அடங்கவில்லை. விசயன் 38 ஆண்டுகள் ஆண்டும், அரியணைக்கு மகனின்றி இறந்தான். உடன்பிறந்தான் மகன் பண்டுவாசுதேவனே தாய்நாட்டினின்றும் வந்து முடிசூட நேர்ந்தது. மலைநாட்டுச் சிங்கள மக்களின் கொகொம்ப கங்காரிய என்னும் சடங்கு இதற்கப்பாலும் செல்கின்றது. விசயன் வாக்குத் தவறியதால் எழுந்த குவேனியின் சாபம், சிறுத்தை வடிவில் அவ்வரசனைப் பற்றி நோயுறச் செய்ததாகவும், அதனைத் தீர்க்கவே இச்சடங்கு முதன்முதல் நிகழ்ந்ததாகவும் அதன் கதை கூறும். கண்டிய நடனத்தின் ஊற்றுக்களுள் ஒன்று இச்சடங்கு.

ஏட்டாசிரியர் ஒரே அடியில் முடித்துவிட்ட பெண்ணை ஊர்மக்கள் மறக்கவில்லை. அவள் இயக்கி என்பதை அவர்களும் ஏற்றனர். ஆனால் அவளுக்கு இழைக்கப்பட்டது தவறு என்பதையும் மறைக்கவில்லை. அத்தவற்றின் கடனை இறுக்கவே ஆடலும் பறையும் எழுந்தன.