மாட்டுக்கு வந்த இன்சூரன்ஸ் நாய்க்கு வந்த கதை

திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, அதாவது கி.பி. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். எருமை மந்தைக்காக நடந்த சண்டையில் இறந்துபோன கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக நட்ட கல் அது. அவன் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அந்த நாய்க்குப் பெயர்கூட உண்டு: கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டுக் காவலாக நின்றதாம்! 1,400 வருடங்களுக்கு முன்பு தமிழ்நாட்டு நாய் ஒன்றுக்குக் கிடைத்த மரியாதை இது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சண்டை எருமைக்காக நடந்ததே தவிர நாய்க்காக அல்ல. தமிழில் 'மாடு' என்ற சொல்லுக்கே செல்வம் என்று ஒரு பொருள் உண்டு. நாய்க்கு நன்றி, விசுவாசம், காவல் என்று எத்தனையோ பெருமை சொன்னாலும் அதை யாரும் சொத்துக் கணக்கில் எழுதியதில்லை. இன்சூரன்ஸ் என்பது சொத்துக் கணக்கிலிருந்து பிறந்த சரக்கு. அதனால்தான் அது முதலில் மாட்டுக்கு வந்தது, நாய்க்கு வெகு தாமதமாக வந்தது, வந்தபோதும் மாட்டின் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தது. இன்றைக்கு நாய் வளர்ப்பவர்கள் பாலிசி எடுக்கலாமா வேண்டாமா என்று குழம்புவதற்குப் பாதிக் காரணம் இந்த வரலாறுதான்.

புதுச்சேரிப் பிரதேசத்தின் வடக்கு ஓரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது கனகசெட்டிக்குளம். ஒரு பக்கம் கடல், மீனவர் குடியிருப்பு. சுற்றிலும் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம். கொஞ்சம் தெற்கே வந்தால் காலாப்பட்டில் 1985-இல் ஆரம்பித்த மத்தியப் பல்கலைக்கழகம். இங்கே லாப்ரடார் வளர்க்கும் வீடும் உண்டு. வலை காயும் மணலில் படுத்துக் கிடக்கும், பாதி வீட்டுக்கும் பாதி தெருவுக்கும் சொந்தமான நாட்டு நாயும் உண்டு. இரண்டுக்கும் பொதுவான எமன் அந்தச் சாலைதான். ராத்திரி வேகமாகப் போகும் கார் ஒன்று தொடை எலும்பை முறித்துப் போட்டுவிட்டால் எக்ஸ்ரே, அறுவை சிகிச்சை, பிளேட், கட்டு என்று செலவு ஆயிரங்களில் போகும். அந்த நேரத்தில் வீட்டில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பணத்தைப் புரட்டுவதா, நாயை விட்டுவிடுவதா? மாதச் சம்பளக்காரருக்கே இது கஷ்டம். கடலுக்குப் போனால்தான் காசு என்று இருக்கிற வீட்டில் சொல்லவே வேண்டாம்.

இந்தக் கேள்விக்குத்தான் காப்பீடு பதில் சொல்ல வேண்டும். சொல்கிறதா என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கால்நடைக் காப்பீட்டின் கதையை சுவீடனில் இருந்து ஆரம்பிப்பது வழக்கம். 1890-இல் கிளாஸ் விர்ஜின் என்பவர் அங்கே தொடங்கிய காப்பீடு குதிரைகளையும் கால்நடைகளையும் பற்றியது. உழும் குதிரை செத்தால் விவசாயி நொடித்துப் போவான், அதற்காக. நாய்க்கு முதல் பாலிசி சுவீடனில் 1924-இல்தான் வந்தது. பிரிட்டனில் 1947. அமெரிக்காவில் 1982, அதுவும் லாஸி என்ற தொலைக்காட்சி நாய்க்கு! (லாஸி கதையில் பெண் நாய். நடித்ததெல்லாம் ஆண் நாய்கள். பாலிசி படிவத்தில் என்ன எழுதினார்களோ!)

அப்போது கனகசெட்டிக்குளத்தை ஆண்டுகொண்டிருந்த பிரான்சில் என்ன நடந்தது? அங்கே கிராமத்து விவசாயிகள் தங்களுக்குள் பணம் போட்டு, யார் வீட்டு மாடு செத்தாலும் பொதுப் பணத்தில் இருந்து ஈடு கட்டும் சிறு சிறு பரஸ்பரச் சங்கங்களை வைத்திருந்தார்கள். 1900 ஜூலை 4-ஆம் தேதிச் சட்டம் அப்படிப்பட்ட விவசாயச் சங்கங்களுக்குச் சுலபமான சட்ட வடிவம் கொடுத்தது. நம் ஊர் சீட்டு மாதிரிதான், ஆனால் ஏலம் இல்லாத சீட்டு. இதில் ஒரு பெரிய வசதி உண்டு. எல்லாருக்கும் எல்லார் மாடும் தெரியும். நோஞ்சான் மாட்டைக் கொழுத்த மாடு என்று ஏமாற்ற முடியாது.

பிரெஞ்சுக்காரர்களிடம் இன்னொரு சங்கதியும் இருந்தது. நாய்க்காரர்களுக்கு மாட்டுச் சங்கத்தைவிட அதுதான் முக்கியம். 1804-இல் வந்த நெப்போலியனின் சிவில் சட்டத்தில் 1385-ஆம் பிரிவு என்று ஒன்று. ஒரு பிராணி செய்யும் சேதத்துக்கு அதன் உடைமையாளரே பொறுப்பு. அது கட்டுக்குள் இருந்தாலும் சரி, அறுத்துக்கொண்டு ஓடியிருந்தாலும் சரி. பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் 1819-இல் புதுச்சேரிக்கும் வந்தன. பிரான்சில் அந்தப் பொறுப்பு இன்றும் வேறு பிரிவு எண்ணில் இருக்கிறது. அதனால் அங்கே ஒருவர் வீட்டுக் காப்பீடு எடுத்தால், அவருடைய நாய் அடுத்தவரைக் கடித்தால் ஏற்படும் பொறுப்பும் பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடுகிறது. நாய் சாவதைவிட நாய் கடிப்பது பெரிய நஷ்டம் என்பதை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். புதுச்சேரி 1954 நவம்பர் 1-இல் நடைமுறையிலும், 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தது. அதற்குப் பின் இங்கே வந்தது இந்தியச் சட்டம், இந்திய இன்சூரன்ஸ்.

இந்திய இன்சூரன்ஸ் எந்தக் கண்ணால் பிராணியைப் பார்த்தது? 1973 ஜனவரி 1 முதல் பொதுக் காப்பீடு அரசுடைமை ஆனது. நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகளை நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா என்று நான்காகச் சுருக்கினார்கள். அடுத்த வருடமே, 1974-இல், சிறு விவசாயிகள் வளர்ச்சித் திட்டத்தோடு சேர்ந்து மாட்டுக் காப்பீடு பெரிய அளவில் ஆரம்பித்தது. கடனில் வாங்கிய கறவை மாடு செத்தால் விவசாயியும் மூழ்குவான், பேங்க் கடனும் மூழ்கும். ஆகவே மாட்டின் விலைக்குக் காப்பீடு, காதில் ஒரு வில்லை. மாடு செத்தால் அந்த வில்லையைக் காட்ட வேண்டும். 'வில்லை இல்லையேல் ஈடு இல்லை' என்பது அந்தத் துறையின் திருமந்திரம்! செத்த மாட்டின் வில்லையும் உயிருள்ள மாட்டின் வில்லையும் இடம் மாறிய கதைகள் அந்தத் துறையில் ஏராளம். இருந்தும் மாட்டுக் காப்பீடு நிலைத்தது. காரணம் அரசு மானியம். 2005-06-இல் 100 மாவட்டங்களில் பாதி பிரீமியத்தை அரசே ஏற்கும் திட்டம் வந்தது. 2024-இல் விவசாயியின் பங்கு 15 சதவீதமாகக் குறைந்தது.

அரசு கம்பெனிகள் நாய்க்கும் ஒரு பாலிசி வைத்திருந்தன. அதுதான் மாட்டின் சட்டை. 8 வாரம் முதல் 8 வயது வரை உள்ள நாய்; விபத்தாலோ நோயாலோ செத்தால் அதன் விலை; பிரீமியம் விலையில் 5 சதவீதம் போல. காது வில்லைக்குப் பதிலாக அடையாளம் என்ன தெரியுமா? போட்டோவும் மூக்கு ரேகையும்! நம் கைரேகை போல நாயின் மூக்கில் உள்ள கோடுகளும் நாய்க்கு நாய் வேறுபடும். வெறிநோய், டிஸ்டெம்பர், பார்வோ போன்றவற்றுக்குத் தடுப்பூசி போடாமல் விட்டிருந்தால் ஈடு கிடையாது.

வணிகவியல் புத்தகத்தில் முதல் பாடமே ஈட்டுறுதி தத்துவம்தான். நட்டம் எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டுமே ஈடு, அதற்கு மேல் லாபம் பார்க்கக் கூடாது. சரியான தத்துவம். ஆனால் மாட்டுக்குப் பொருந்தியது நாய்க்கு எப்படிப் பொருந்தும்? 20,000 ரூபாய் கொடுத்து வாங்கிய அல்சேஷன் செத்தால் 20,000 ரூபாய் நட்டம், ஒப்புக்கொள்ளலாம். மழையில் நனைந்துகொண்டு வாசலில் வந்து நின்ற நாட்டு நாயின் சந்தை விலை என்ன? சைபர். சைபரில் 5 சதவீதமும் சைபர், ஈடும் சைபர். நாட்டு நாய்க்குப் பாலிசி இல்லை என்று யாரும் சொல்லவில்லை; விலை என்ற கட்டத்தில் எழுத எண் இல்லை, அவ்வளவுதான். அதைவிடப் பெரிய ஓட்டை, சாலையில் அடிபட்ட நாய்க்கு அந்தப் பாலிசியால் ஒரு பயனும் இல்லை. நாய் செத்தால்தான் பணம்; பிழைக்க வைக்க ஆகும் செலவு வளர்த்தவர் தலையில். வளர்த்தவருக்குத் தேவை நேர்மாறானது அல்லவா! அந்தப் பாலிசி இருப்பதே பலருக்குத் தெரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

இது மாற 2020 வரை ஆனது. அந்த வருடம் ஆகஸ்டில் பஜாஜ் அலையன்ஸ் (அன்றைய பெயர்) 315 ரூபாயில் தொடங்கும் பிரீமியத்தோடு நாய்க் காப்பீட்டைக் கொண்டுவந்தது. 3 மாதம் முதல் 10 வயது வரை. இதில் சாவுக்கு ஈடு மட்டும் இல்லை. அறுவை சிகிச்சை, ஆஸ்பத்திரிச் செலவு, திருட்டு, காணாமல் போவது, மூன்றாம் நபருக்கான பொறுப்பு எல்லாம் தனித்தனித் துண்டுகளாக வந்தன. தோலுக்கடியில் சிப் வைத்திருந்தால் பிரீமியத்தில் 5 சதவீதத் தள்ளுபடி. மூக்கு ரேகைக்கு ஓய்வு! பின்னர் வேறு சில தனியார் கம்பெனிகளும் வந்தன. முதல்முறையாகக் காப்பீடு நாயின் விலையை விட்டுவிட்டு நாய்க்காரரின் செலவைப் பார்த்தது. 315 ரூபாய் என்பது ஆரம்ப விலை என்பதை மட்டும் மறக்கக் கூடாது. துண்டு சேரச் சேர, இனமும் வயதும் கூடக் கூட, அது ஏறும்.

அப்படியானால் எடுத்துவிடலாமா? இங்கேதான் ஜார்ஜ் அக்கர்லாஃப் வருகிறார். பழைய கார் சந்தையைப் பற்றி 1970-இல் ஒரு கட்டுரை எழுதி 2001-இல் நோபல் பரிசு பெற்றவர். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் மோசமான சரக்கே சந்தையில் மிஞ்சும் என்பது அவர் வாதம். நாய்க் காப்பீட்டில் இது அப்படியே நடக்கும். நாய் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றதும்தான் பாலிசி ஞாபகம் வரும்! கம்பெனிக்கும் இது தெரியும். அதனால்தான் காத்திருப்புக் காலம், ஏற்கெனவே இருந்த நோய்க்கு இல்லை, பிறவிக் கோளாறுக்கு இல்லை என்று பொடி எழுத்தில் ஒரு பக்கம். ராஜபாளையம் நாயை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-இல் தபால் தலையில் இடம்பெற்ற பெருமைக்குரிய நாய். அந்த இனத்தின் வெள்ளைக் குட்டிகளுக்குப் பிறவிச் செவிடு வருவது தெரிந்த விஷயம். அதற்குப் பாலிசியை நம்ப முடியாது.

சுவீடனில் நாய்களில் பெரும்பாலானவைக்குக் காப்பீடு உண்டு. எல்லாரும் சேரும்போது நோஞ்சானும் திடமானதும் கலந்துவிடும். எந்த இனத்துக்கு எந்த வயதில் எந்த நோய் என்று அந்தக் காப்பீட்டுக் கணக்குகளை வைத்தே கால்நடை மருத்துவர்கள் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். இங்கே சேர்பவர் குறைவு, கணக்கும் குறைவு. கணக்கு இல்லாத இடத்தில் கம்பெனி தன் பாதுகாப்புக்காகக் கைக்கு அடக்கமான தொகையையே தரும்.

கனகசெட்டிக்குளத்துக்காரருக்கு வேறொரு வசதியும் இருக்கிறது. பட்டணத்தை ஒட்டிய குரும்பாப்பேட்டில் 1994-இல் தொடங்கிய ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி. இப்போது கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால் மனிதர்களுக்கு எப்படிச் செலவு குறையுமோ அப்படித்தான் நாய்க்கும். தனியார் கிளினிக் கட்டணத்தை நம்பி இருக்கும் பெருநகரத்துக்காரரின் கணக்கை இங்கே அப்படியே போடக் கூடாது. தடுப்பூசி, குடற்புழு மருந்து, சொறி, சின்னக் காய்ச்சல் போன்றவற்றுக்குப் பாலிசி எடுப்பது வீண். வருடாவருடம் வரும் என்று தெரிந்த செலவு ஆபத்தே அல்ல, அது வெறும் செலவு. அதற்கு போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. போதும். மாதம் 100 ரூபாய் போட்டால் 5 வருடத்தில் அசல் மட்டும் 6,000 ரூபாய். நாய்க்கு ஒன்றும் ஆகாவிட்டால் பணம் வீட்டிலேயே இருக்கும்.

ஆனால் ஆர்.டி. தொடங்கிய மூன்றாவது மாதம் சாலையில் அடிபட்டால் கையில் 300 ரூபாய்தான் இருக்கும். அந்த ஓர் இடத்தில்தான் காப்பீடு ஆர்.டி.யை ஜெயிக்கிறது. ஆகவே சாலையோரத்து வீடு, இளம் நாய், திடீரென்று பெரிய தொகை புரட்ட முடியாத நிலை என்றால் விபத்து, அறுவை சிகிச்சை என்ற துண்டை மட்டும் எடுப்பதில் நியாயம் இருக்கிறது. எட்டு, ஒன்பது வயது நாய்க்குப் புதிதாக எடுப்பதில் அவ்வளவு நியாயம் இல்லை. சாவுக்கு விலை தரும் துண்டு, காசு கொடுத்து வாங்கிய நாய்க்கு மட்டும்.

மூன்றாம் நபர் பொறுப்பைத்தான் பெரும்பாலானவர்கள் வேண்டாம் என்று தாண்டிப் போகிறார்கள். உண்மையில் ஆகப் பெரிய தொகை அங்கேதான் ஒளிந்திருக்கிறது. நாய்க்கு வரும் செலவுக்கு ஓர் எல்லை உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தையின் முகத்தைக் கடித்துவிட்டால் வரும் செலவுக்கு எல்லை கிடையாது. நெப்போலியன் காலத்துச் சட்டம் கவனித்த இந்த விஷயம் இந்திய நாய் பாலிசிக்குள் பரவலாக வர 2020 ஆகிவிட்டது. பாலிசியில் அந்தத் துண்டு இருந்தாலும் அது கொடுப்பது கடிபட்டவருக்கான நட்ட ஈட்டை மட்டும்தான். நாயை அஜாக்கிரதையாக விட்டதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. அந்த அபராதத்தை எந்தக் கம்பெனியும் கட்டாது, நாய்க்காரர்தான் கட்ட வேண்டும்.