தீர்ப்பு இழந்தவனும் வாய்ப்பு இழந்தவனும்

குத்துச் சண்டை மேடையிலே ஒருவன் மற்றொருவனைப் பத்து எண்ணி முடிக்கும்வரை எழாதவாறு வீழ்த்திவிட்டால் வாதத்துக்கு இடமில்லை. ஆனால் குறித்த சுற்றுகள் யாவும் முடிந்த பின்னும் இருவரும் நின்றுகொண்டிருப்பாராயின், வெற்றியானது வீரர் கையை விட்டு, மூவர் கையிலுள்ள காகிதத் துண்டுகளுக்குப் போய்விடுகிறது. ஒரு மனிதனின் வாழ்நாட் பெருமை அத்துண்டில் எழுதப்படுகிறது. அதனாலன்றோ கனஎடைச் சண்டையின் வரலாற்றில் அடியைப் பற்றிய பேச்சு ஓய்ந்த பின்னும் தீர்ப்பைப் பற்றிய பேச்சு ஓய்வதில்லை! அவற்றுள் ஜெர்ஸி ஜோ வால்காட் என்பாரின் வழக்கை நாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். பிழைபட்ட தீர்ப்பினும் பெரிய அநீதி ஒன்று உண்டென்பதை அவ்வழக்கு நமக்கு விளக்கும்.

1947-ம் வருஷம் டிசம்பர் மாதம் 5-ந் தேதி இரவு, நியூயார்க் நகரத்து மாடிசன் ஸ்கொயர் கார்டன் மண்டபத்தில் உலகப் பட்டத்துக்கான போட்டி நடைபெற்றது. பட்டத்துக்கு உரியவர் ஜோ லூயிஸ். 1937-ல் அதனைப் பெற்று, அதுவரை 23 முறை காத்து நின்றவர். எதிர்த்தவர் வால்காட், வயது 33, ஆறு குழந்தைகளின் தந்தை, வறுமையோடு நெடுங்காலம் போராடியவர். இருவரும் அமெரிக்கக் கறுப்பினத்தவரே. வால்காட் வெல்வார் என்று எதிர்பார்த்தவர் மிகச் சிலர்.

முதற் சுற்றிலேயே லூயிஸ் கீழே விழுந்தார். நான்காம் சுற்றில் மறுபடியும் விழுந்தார். வால்காட் பின்வாங்குவது போல் நகர்ந்து, எதிரியை வரவிட்டு அடிக்கும் தந்திரத்தில் வல்லவர். இறுதியில், வெற்றி தமதே என்ற நம்பிக்கையால், அடிப்பதை விட்டு ஒதுங்கியே திரிந்தார். பதினைந்தாம் சுற்றின் மணி அடித்ததும் லூயிஸ் தீர்ப்பைக் கேளாமலே மேடையை விட்டு இறங்க முயன்றார். உடனிருந்தோர் தடுத்து நிறுத்தினர். பட்டத்துக்கு உரியவரே தாம் தோற்றதாக எண்ணினார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தீர்ப்பு வாசிக்கப்பட்டது. மேடையில் நின்ற மத்தியஸ்தர் ரூபி கோல்ட்ஸ்டீன் வால்காட்டுக்கு 7 சுற்றும், லூயிஸுக்கு 6 சுற்றும் கொடுத்து, 2 சுற்றுகளைச் சமம் என்றார். தீர்ப்பாளர் பிராங்க் போர்ப்ஸ் லூயிஸுக்கு 8, வால்காட்டுக்கு 6, சமம் 1 என்றார். மற்றொரு தீர்ப்பாளர் மார்ட்டி மன்றோ லூயிஸுக்கு 9, வால்காட்டுக்கு 6 என்றார். இருவர் சொல் ஒருவர் சொல்லை மிஞ்சிற்று. பட்டம் லூயிஸிடமே தங்கிற்று. கூடியிருந்தோர் கூச்சலிட்டு வெறுப்பைத் தெரிவித்தனர்.

இருமுறை விழுந்தவர் வென்றது எங்ஙனம்? சூதென்று சொல்லிவிடுதல் எளிது. நாம் கணக்கைப் பார்ப்போம். அந்நாளில் நியூயார்க்கில் வெற்றி சுற்றுக் கணக்கால் தீர்மானிக்கப்பட்டது. எதிரியைத் தரையில் வீழ்த்திய சுற்றும் ஒன்றே. மயிரிழையில் வென்ற சுற்றும் ஒன்றே. பிற்காலத்தில் நிலைபெற்ற பத்துப் புள்ளி முறையிலோ, சுற்றை வென்றவனுக்கு 10, தோற்றவனுக்கு 9; ஒருமுறை வீழ்த்தப்பட்டுச் சுற்றை இழந்தவனுக்கு வழக்கமாக 8. லூயிஸ் விழுந்த இரு சுற்றுகளையும் மூவரும் வால்காட்டுக்கே கொடுத்தனர் என்று கொண்டு, அம்மூவரின் கணக்கையும் இம்முறைக்கு மாற்றிக் கூட்டிப் பார்த்தோம். கோல்ட்ஸ்டீன் கணக்கில் வால்காட் 144, லூயிஸ் 141. மன்றோ கணக்கில் லூயிஸ் 142, வால்காட் 141. போர்ப்ஸ் கணக்கிலோ இருவரும் 142! ஆகவே போட்டி சமமாக முடிந்திருக்கும். பட்டம் அப்போதும் லூயிஸிடமே இருந்திருக்கும். ஆனால் வால்காட்டின் பெயருக்கு நேரே தோல்வி என்ற சொல் எழுதப்பட்டிராது. கண்கள் அவையே, கண்ட சண்டையும் அதுவே, அளவுகோல் மாறினால் முடிவு மாறுகிறது. எனவே தீர்ப்பாளரின் நேர்மையை ஐயுறுமுன் அவர் கையிலுள்ள அளவுகோலை ஆராய்தல் அறிவுடையோர் கடமையாகும்.

அளவுகோல் நேரானதாயினும் அதைப் பிடிக்கும் கை மனிதக் கைதானே? இதற்கும் வால்காட்டின் வாழ்க்கையே சான்று. 1965-ம் வருஷம் மே மாதம் 25-ந் தேதி, மெயின் மாநிலத்து லூயிஸ்டன் என்னும் ஊரில் முகம்மது அலிக்கும் சன்னி லிஸ்டனுக்கும் நடந்த பட்டப் போட்டியில் அவரே மத்தியஸ்தராக நின்றார். முதற் சுற்றிலேயே லிஸ்டன் விழுந்தார். நின்றவன் ஒதுக்கு மூலைக்குப் போதல் வேண்டும் என்பது விதி. அலியோ விழுந்தவர் மீது நின்று முழங்கினார். வால்காட் அவரை விலக்க முயன்றார், எண்ணிக்கையை நடத்தவில்லை. லிஸ்டன் எழுந்து, இருவரும் மறுபடி மோதத் தொடங்கினர். அவ்வேளையில் மேடையருகே இருந்த பத்திரிகாசிரியர் நாட் பிளைஷர், பத்து எண்ணியாயிற்று என்று குரல் கொடுக்க, வால்காட் வீரர்களை விட்டு அவரிடம் சென்று கேட்டு, பின் திரும்பி வந்து போட்டியை முடித்தார். அம்முடிவைப் பற்றிய சர்ச்சை இன்றும் அடங்கவில்லை. தீர்ப்பால் வருந்தியவரே தீர்ப்பளிக்கும் இடத்தில் தடுமாறினார். ஆகையால் நல்லவரை நியமித்துவிட்டோம் என்று நாம் வாளாவிருத்தல் கூடாது.

அங்ஙனமாயின் பிழைக்குப் பரிகாரம் யாது? மறுபோட்டியே. வால்காட்டுக்கு அது கிட்டிற்று. 1948-ம் வருஷம் ஜூன் மாதம் 25-ந் தேதி யாங்கி ஸ்டேடியத்தில் லூயிஸ் மூன்றாம் சுற்றில் விழுந்தாரெனினும், பதினோராம் சுற்றில் வால்காட்டை எழாதவாறு வீழ்த்தினார். பின்னர் எசார்ட் சார்லஸிடம் 1949-லும் 1951 மார்ச்சிலும் வால்காட் தோற்றார். நான்கு முறை தோற்றவர் ஐந்தாம் முறையும் அழைக்கப்பட்டார். 1951 ஜூலை 18-ந் தேதி பிட்ஸ்பர்க் நகரில் ஏழாம் சுற்றில் சார்லஸை வீழ்த்தி, 37-ம் வயதில் உலகப் பட்டம் பெற்றார். அத்துணை வயதில் அப்பட்டம் வென்றார் வேறொருவர் இலர் என்ற பெருமை, 1994 நவம்பரில் ஜார்ஜ் போர்மன் 45-ம் வயதில் வெல்லும்வரை அவருக்கே உரியதாயிருந்தது. 1947-ன் தீர்ப்பு அவர் பெயரை அழிக்க வலியற்றுப் போயிற்று.

இனி ஹாரி வில்ஸைப் பாருங்கள். அவரும் கறுப்பினத்தவர். 1919 முதல் 1926 வரை பட்டம் வைத்திருந்த ஜாக் டெம்ப்ஸியின் காலத்தில் முதல்வரிசைப் போட்டியாளர். போட்டி நடக்குமென்ற பேச்சு பன்முறை எழுந்தது. 1925-ல் ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று. போட்டி மட்டும் நடக்கவேயில்லை. 1915-ல் ஜாக் ஜான்சன் பட்டம் இழந்தது முதல், 1937-ல் லூயிஸ் மேடையேறும்வரை, 22 ஆண்டுகள் எந்தக் கறுப்பருக்கும் கனஎடைப் பட்டத்துக்காகப் போட்டியிடும் வாய்ப்பு அளிக்கப்படவில்லை. பிறப்பைக் காட்டி வாசலை அடைப்பது எத்தன்மையதென்பது நம்மவருக்குச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை.

வால்காட்டுக்காக வாதாட 15 சுற்றுகளும் மூவர் எழுதிய கணக்கும் உள்ளன. எத்தனை ஆண்டு கழிந்தாலும் நம்மைப் போன்றோர் அவற்றை எடுத்துக் கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். வில்ஸுக்காக வாதாட ஒரு சுற்றுக்கூட இல்லை. அவர் வென்றிருப்பாரா என்று கேட்டால் விடை கூறுவார் எவருமில்லை; தோற்கும் உரிமையும் அவருக்கு மறுக்கப்பட்டது. தீர்ப்புக்காகக் கூச்சலிடும் நாம், தீர்ப்புக்கே வாராது போனவரையும் நினைத்தல் வேண்டும். வீரர் பெருமையை அளக்கப் புகுவோர், அவர் எத்தனை முறை வென்றார் என்பதோடு, எவருக்கு மேடை மறுக்கப்பட்ட காலத்தில் வென்றார் என்பதையும் சேர்த்து அளப்பதே நடுநிலையாகும் என்பது நம் கருத்து.