பாவாத மலைக்கு நடந்தவர்களின் மூட்டையில் என்ன இருந்தது?



வரும் விடுமுறையில் மாணவர்களை இரண்டு நாள் நடைபயணத்துக்கும் பாசறைக்கும் கூட்டிப் போகிறோம் என்று நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து அறிவித்தோம். பெற்றாரிடமிருந்து இரண்டு பேச்சுகள் வந்தன. ஒன்று, "இதெல்லாம் வெள்ளக்காரன்ட பழக்கம் சேர், எங்கட புள்ளைகளுக்கு என்னத்துக்கு?" மற்றது, "கூடாரம், பேக், சப்பாத்து எண்டு வாங்கப் போனா எங்களுக்குக் கட்டுமா?" காட்டு மரங்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடிய ஒரு பிள்ளை, சப்பாத்து இல்லை என்பதற்காகத் தன் பெயரை வெட்டச் சொல்லிவிட்டது. இந்த இரண்டு பேச்சுக்கும் எமது வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

சாரணர் பாசறை என்ற ஏற்பாடு இங்கிலாந்திலிருந்து வந்தது உண்மைதான். பேடன் பவல் 1907ஆம் ஆண்டு பிரவுன்சீ தீவில் முதல் பாசறையை நடத்தினார். 1912இல் மாத்தளையில் சாரணியம் இலங்கைக்கு வந்து சேர்ந்தது. ஆனால் நாள் கணக்கில் நடப்பதும், காட்டில் தங்குவதும், அதற்கு வேண்டிய சாமானைத் தெரிவு செய்து கட்டுவதும் இந்த மண்ணில் அதைவிடப் பல நூறு வருடம் பழையது.

1344ஆம் ஆண்டு (ஹிஜ்ரி 745) மாலைதீவில் காழியாராக இருந்துவிட்டுப் புறப்பட்ட மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா எமது கரையில் வந்து இறங்கினார். புத்தளத்தில் அவரை வரவேற்றவர் யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தி. மூன்று நாள் விருந்தாளியாக வைத்திருந்து முத்துக்களும் கொடுத்தார். உமக்கு என்ன வேண்டும் என்று அரசர் கேட்டபோது, மலையில் இருக்கும் பாதத்தைப் பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் ஆசை என்றார் இப்னு பதூதா. நாங்கள் பாவாத மலை என்றும், தமிழ் இந்துக்கள் சிவனொளிபாத மலை என்றும், சிங்களவர் ஸ்ரீபாத என்றும் சொல்கிற அதே மலை. அந்தச் சுவடு யாருடையது என்ற விவாதத்துக்குள் இந்தப் பதிவு போகவில்லை. அங்கே நடந்து போன விதம்தான் எமது பேச்சு.

அரசர் கொடுத்த பயணக் குழுவைப் பாருங்கள். வருடா வருடம் அந்த மலைக்குப் போய்ப் பழகிய நான்கு யோகிகள், மூன்று பிராமணர், அரசரின் ஆட்கள் பத்துப் பேர், உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து பேர். போதாததற்கு ஒரு பல்லக்கு. இப்னு பதூதா இலேசான மூட்டையோடு போனவர் என்று யாரும் சொல்ல முடியாது! ஆனாலும் கவனிக்க வேண்டியது அந்த நான்கு யோகிகளைத்தான். ஒரு முஸ்லிம் காழியாரை மலைக்குக் கூட்டிப் போகிற குழுவில் வழி பழகியவர்கள் அவர்கள். மலைக்குப் போகும்போது எந்தச் சாமானுக்கும் முன்னால் தேவைப்படுவது பாதை தெரிந்த மனிதர். அவர் எந்தச் சமூகத்தவர் என்று அன்றைக்கு யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

மலைக்காட்டுக்குள் போனதும் பல்லக்கைவிடப் பயன்பட்ட பொருள் வேறு. அது தேசிக்காய்! நீர் உள்ள இடங்களில் புல்லிலும் மரத்திலும் இருந்து பாய்ந்து ஒட்டும் அட்டைகளைப் பற்றி இப்னு பதூதா விபரமாகச் சொல்கிறார். நடப்பவர்கள் தேசிக்காயைத் தயாராக வைத்திருப்பார்கள். அட்டை கடித்தால் சாற்றைப் பிழிந்து விடுவார்கள், அது கழன்று விழும். பிறகு கடித்த இடத்தை அதற்கென்றே செய்து வைத்திருக்கும் மரக்கத்தியால் சுரண்டுவார்கள். தேசிக்காய் பிழியாமல் அலட்சியமாக இருந்த ஒரு யாத்திரிகர் இரத்தம் போயே இறந்தார் என்றும், அங்குள்ள ஒரு குகை அவர் பெயரால் அழைக்கப்படுகிறது என்றும் அவர் கேள்விப்பட்டிருக்கிறார். ஒரு தேசிக்காயும் ஒரு மரத்துண்டும்: இந்த மலைக்காட்டைத் தெரிந்தவர்கள் கண்டுபிடித்த உபகரணம் அது. இன்றைக்கும் மலைநாட்டில் அட்டைக்குத் தேசிக்காயும் உப்பும் சவர்க்காரமும்தானே கைமருந்து.

மேலே ஏற இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்று பாவா பாதை, மற்றது மாமா பாதை. அதாவது ஆதம் நபி, ஹவ்வா அம்மையார் பெயர்களில். மாமா பாதை சுலபம், திரும்பி வருவதற்கு அது. அதிலேயே ஏறியவர் மலைக்குப் போனவராகவே கருதப்படமாட்டாராம். பாவா பாதை கடினமானது. முன்னோர் பாறையில் படி வெட்டி, இரும்பு முளை அடித்து, பிடித்து ஏறச் சங்கிலிகள் போட்டிருந்தார்கள். மொத்தம் பத்து. பத்தாவதுக்குப் பெயர் ஷஹாதா சங்கிலி. அந்த இடத்தில் நின்று கீழே பார்த்தவருக்குப் பயத்தில் வாயில் தானாகக் கலிமா வந்துவிடுமாம். எழுநூறு வருடத்துக்கு முந்திய அந்தச் சிரிப்பும் நடுக்கமும் இன்றைக்கும் எமக்கு விளங்குகிறது.

அதற்கு மேலே ஹிழ்ர் குகை. யாத்திரிகர்கள் தங்கள் சாமான் எல்லாவற்றையும் அங்கே வைத்துவிட்டு, உச்சிக்கு வெறுங்கையோடு ஏறுவார்கள். மூன்று நாள் அந்தக் குகையில் தங்கி, காலையும் மாலையும் போய் வருவது வழக்கம். இப்னு பதூதாவும் அப்படியே செய்தார். பக்கத்து ஊற்றில் மீன்கள் நிறைய இருந்தன. யாரும் அவற்றைப் பிடிப்பதில்லை என்றும் குறித்திருக்கிறார்.

அவர் சொல்லும் இன்னொரு கதை, மலைக்கான வழியைத் திறந்தவர் எனப் பெயர்பெற்ற ஷீராஸ் நகரத்து ஷெய்கு இப்னு கபீப் அவர்களைப் பற்றியது. வழி தவறிப் பசியில் வாடிய பக்கீர்கள், ஷெய்கு தடுத்தும் கேளாமல் ஒரு யானைக்குட்டியைப் பிடித்துத் தின்றார்கள். ஷெய்கு தொடவில்லை. இரவில் யானைகள் கூட்டமாக வந்து ஒவ்வொருவரையும் மோந்து பார்த்து, தின்றவர்களைக் கொன்றன. ஷெய்கை மட்டும் ஒரு யானை முதுகில் ஏற்றி ஊர் எல்லையில் கொண்டுபோய் விட்டது. நடந்ததா இல்லையா என்பதைவிட, காட்டுக்குள் போகிறவர் எப்படி நடக்க வேண்டும் என்று அன்றைய மக்கள் நினைத்தார்கள் என்பதை இந்தக் கதை காட்டுகிறது.

இனி ஒரு வெள்ளைக்காரரின் மூட்டையையும் பார்ப்போம். 1660இல் மூதூர்ப் பக்கம் கொட்டியாரத்தில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடம் இருந்தவர் ரொபர்ட் நொக்ஸ். 1679 செப்டெம்பரில் ஒரு தோழரோடு தப்பி, அநுராதபுரக் காடுகள் வழியாக மல்வத்து ஓயாவைப் பிடித்து நடந்து, ஒக்டோபர் 18ஆம் திகதி மன்னார்ப் பக்கம் அரிப்புக் கோட்டையை அடைந்தார். அவர் நடந்தது உயிருக்கு. ஆனால் காட்டுக்கு எடுத்த சாமானை ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறார்: அரிசி, இறைச்சி, மீன், மிளகு, உப்பு, சமைக்க ஒரு பாத்திரம், தண்ணீர் அள்ள இரண்டு சுரைக்குடுவை, கருப்பட்டி, பலகாரம், வெற்றிலை, புகையிலை, முள் குத்தாமல் காலுக்குச் செருப்புச் செய்ய ஒரு மான் தோல், நீண்ட தடியில் கட்டிய சிறு கோடரி, இடுப்பில் கத்தி. நெருப்புப் பற்றவைக்கும் பெட்டி மட்டும் இரண்டு மூன்று, ஒன்று பிழைத்தால் மற்றது உதவட்டும் என்று.

கூடாரம்? தாளிப்பனை ஓலை இரண்டு! காய்ந்த ஓலையை விசிறிபோல் மடித்தால் ஒரு மனிதரின் கை அளவுக்குள் அடங்கிவிடும், பாரமே இல்லை, விரித்தால் ஒரே ஓலையின் கீழ் பதினைந்து இருபது பேர் மழைக்கு ஒதுங்கலாம் என்று நொக்ஸ் வியக்கிறார். கண்டி அரசரின் படைவீரர்களுக்கும் வெயிலுக்கும் மழைக்கும் இரவுத் தங்கலுக்கும் அந்த ஓலைதான். வெள்ளைக்காரர் எமக்குக் கூடாரம் கொண்டுவந்தார் என்கிறோம். இங்கே ஒரு வெள்ளைக்காரர் எமது நாட்டு ஓலைக்குக் கீழே படுத்து உயிர் தப்பியிருக்கிறார்.

அதே காலத்தில் எமது முன்னோரும் இந்த வழிகளில் நடந்தார்கள். மாடுகளின் முதுகில் பொதி ஏற்றிப் போகும் தவள வியாபாரத்தில் முஸ்லிம்களுக்குப் பெரிய பங்கு இருந்தது. கண்டி அரசின் பொதிமாட்டுப் போக்குவரத்துக்கான மடிகே பிரிவிலும் அவர்கள் சேவை செய்தார்கள். கரையிலிருந்து உப்பும் கருவாடும் மேலே போயின, மலைநாட்டுப் பாக்கு கீழே வந்தது. வழிநெடுக, பயணிகள் இளைப்பாற ஊரவர் கட்டிவைத்த அம்பலங்கள் இருந்தன. 1820களில் கொழும்பு–கண்டிப் பெருந்தெரு வந்தது, 1867இல் ரயில் கண்டியை அடைந்தது, தவளத்தின் தேவை மெல்ல மெல்லக் குறைந்தது. அதோடு நடக்கும் பழக்கமும், மூட்டை கட்டும் கைப்பழக்கமும், வழி ஊர்களோடு இருந்த பழக்கமும் எம்மை விட்டுப் போய்விட்டன.

இந்த மூட்டைகளில் கடைக்குப் போய் வாங்கிய ஆடம்பரம் எவ்வளவு? பெரும்பாலும் வீட்டிலும் காட்டிலும் கிடைத்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை, ஒவ்வொன்றையும் பாவித்துப் பழகிய கை. சாமான் மீது அன்பு வருவதும் அப்படித்தான். வாப்பாவின் பழைய டோர்ச், கரி பிடித்த தேநீர்க் கேத்தல், இரண்டு தரம் தைத்த பேக், ராவில் போர்வையாகவும் பகலில் நிழலாகவும் ஆகிற சாரன். இவை மழை கண்டு, புகை கண்டு, திருத்தித் திருத்திப் பாவிக்கப்பட்டு, எமது பயணங்களை நினைவில் வைத்திருப்பவை. விளம்பரத்தில் வருகிற சாமான் இல்லாவிட்டால் காட்டுக்குப் போக முடியாது என்று ஒரு பிள்ளை நினைக்குமானால், அந்தப் பிள்ளைக்கு நாம் வரலாற்றைப் படிப்பிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

ஆகவே உறவுகளே, எங்கள் வேண்டுகோள் இது. உங்கள் வீடுகளில் பரணிலே கிடக்கும் தாப்போலின், கயிறு, கேத்தல், பழைய பேக், காலுக்குச் சின்னதாய்ப் போன சப்பாத்து எது இருந்தாலும் பாடசாலைக்குக் கொண்டுவந்து தாருங்கள். எல்லாவற்றையும் பொதுவில் வைப்போம், யார் கொடுத்தது, யார் எடுத்தது என்ற கணக்கு வேண்டாம். கிழிந்ததைத் தைப்பதும் மாணவர்களுக்கு ஒரு பாடம்தான். பெண் பிள்ளைகளுக்கு ஆசிரியைமாருடன் தனி நடைபயணம் இருக்கிறது, அவர்களையும் தயங்காமல் அனுப்புங்கள். பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் பாதை தெரிந்த ஒரு பெரியவரையும் எங்களோடு வரச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

கொண்டுபோகும் பிளாஸ்டிக் ஒவ்வொன்றும் எண்ணித் திரும்பி வரும். ஊற்றில் மீன் இருந்தால் அது அங்கேயே இருக்கும்.

பிள்ளைகளின் பைகளில் ஆளுக்கு இரண்டு தேசிக்காய் போட்டு அனுப்ப மறக்க வேண்டாம். துஆ செய்யுங்கள்.