ஆறு கட்டம், ஆயிரக்கணக்கான சிரிப்பு

கனடாவின் ரயன் நார்த்துக்குப் படம் வரைய வராது. அதனாலென்ன? கணினியில் கிடைத்த ஆயத்தப் படங்களை ஒட்டி ஆறு கட்டங்கள் செய்தார். 2003இல் ‘டைனோசர் காமிக்ஸ்’ என்ற இணையச் சித்திரக்கதை பிறந்தது. ஒவ்வொரு முறையும் அதே டி-ரெக்ஸ் டைனோசர், அதே குட்டி வீட்டை மிதிக்கக் காலைத் தூக்கும்; மாறுவது பேச்சு மட்டும். அந்தப் பேச்சில் தத்துவம், மொழியியல், அசட்டுத்தனம் எல்லாம் கலந்திருக்கும். நாலாயிரம் கதைகளைத் தாண்டியும் அந்த டைனோசர் வாயை மூடவில்லை.

ஆனால் இணையத்தில் இப்படியொன்று இருப்பது யாருக்குத் தெரியும்? பத்திரிகைச் சித்திரக்கதையென்றால் பத்திரிகையோடு வீட்டுக்கே வந்துவிடும். இணையச் சித்திரக்கதையை யாராவது கைகாட்ட வேண்டும். ஓவியர்களே தங்கள் பக்கத்தின் ஓரத்தில் சக ஓவியர்களின் சுட்டிகளை அடுக்கினார்கள். போட்டியாளருக்கு வாசகரை அனுப்பும் இந்தப் பெருந்தன்மை வேறு தொழிலில் அபூர்வம்தான்.

தேடுபொறிகளுக்கோ படத்துக்குள் இருக்கும் வசனம் அப்போது தெரியாது. நார்த் அதற்கும் வழி கண்டார்: வாசகர்களே வசனங்களைத் தட்டச்சு செய்து தர, பழைய நகைச்சுவையைத் தேடி எடுக்க உதவும் ‘ஓ நோ ரோபாட்’ என்ற தளம்.

2006இல் அவர் தொடங்கிய ‘ப்ராஜெக்ட் வொண்டர்ஃபுல்’, சித்திரக்கதைத் தளங்களின் விளம்பர இடத்தை நாள் கணக்கில் ஏலம் விட்டது. சில்லறைக் காசுக்குக்கூட ஒரு புதிய ஓவியர் பிரபலமானவரின் பக்கத்தில் தலைகாட்ட முடிந்தது. பிறகு வாசகர்கள் சமூக ஊடகங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். 2018இல் அந்த ஏலக்கடை மூடப்பட்டது.