பினாங்கு விமான நிலையம்: பயணம் எளிதாகிறது, முதியோருக்கும் எளிதாகுமா?

ஜோர்ஜ்டவுன்: தமிழ்நாட்டிலிருந்து பினாங்குக்குக் கப்பலில் வந்து இறங்கிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று கைபேசியில் இருக்கையைத் தேர்வு செய்து விமானம் ஏறுகிறார்கள். சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே 2024 டிசம்பர் 21-ஆம் தேதி இண்டிகோ நிறுவனம் நேரடி விமானச் சேவையைத் தொடங்கியது. அதற்கு முன் வட மாநிலத் தமிழர்கள் சென்னை செல்ல, கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ விமானம் மாற வேண்டியிருந்தது.

பயண நேரம் குறைந்துள்ளது. நிலையங்களில் வரிசையைக் குறைக்கப் புதிய ஏற்பாடுகளும் வந்துள்ளன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கைபேசி, மின்னஞ்சல், கைரேகை ஆகியவற்றை நம்பி இயங்குபவை. தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த பாட்டியும் தாத்தாவும் முதல் முறையாக விமானம் ஏறும்போது இந்த வசதிகளே தடையாக நிற்பதும் உண்டு. முன்கூட்டித் தெரிந்துகொண்டால் அத்தடைகளில் பலவற்றைத் தவிர்க்கலாம்.

கப்பல் காலத்திலிருந்து

சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழித்தடத்தில் ஓடிய ரஜூலா கப்பலையும் அதன்பின் வந்த எம்.வி. சிதம்பரத்தையும் மூத்தவர்கள் இன்றும் நினைவுகூர்வார்கள். மேல்தளப் பயணிகள் பாய் விரித்துப் படுத்து, கிட்டத்தட்ட ஒரு வாரம் கடலில் கழித்தார்கள். கப்பலில் வந்த தொழிலாளர்கள் பலர் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட பிறகே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1985-ல் ஏற்பட்ட தீ விபத்துக்குப் பின் சிதம்பரம் கப்பலின் பயணிகள் சேவை முடிவுக்கு வந்தது.

ஜெரெஜாக் தீவு இருப்பது பினாங்குத் தீவின் தென்கிழக்குக் கரையை ஒட்டிய கடலில். இன்றைய விமான நிலையமும் அதே தென்கிழக்குப் பகுதியில்தான், பாயான் லெப்பாசில், அமைந்துள்ளது. அன்று ஒரு வாரம் பிடித்த பயணம் இன்று ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் முடிகிறது.

65 லட்சம் பேருக்கான கட்டடம்

பாயான் லெப்பாஸ் விமான நிலையம் 1935-ல் திறக்கப்பட்டது. நாட்டின் மிகப் பழைய விமான நிலையங்களில் அதுவும் ஒன்று. ஜோர்ஜ்டவுனுக்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இப்போதைய முனையம் 1979-ல் செயல்படத் தொடங்கியது. பின்னர் நடந்த விரிவாக்கத்தில் அதன் கொள்ளளவு ஆண்டுக்கு 65 லட்சம் பயணிகளாக உயர்ந்தது.

2019-ல் அந்தக் கட்டடத்தைப் பயன்படுத்தியவர்கள் 80 லட்சத்துக்கும் மேல். பண்டிகைக் காலத்திலும் பள்ளி விடுமுறையிலும் அங்கே நெரிசல் ஏற்படுவதற்குக் காரணம் இதுதான். இப்போது கொள்ளளவை ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சமாக உயர்த்தும் விரிவாக்கம் மேற்கொள்ளப்பட்டுள்ளது. 2028-ல் அதை முடிப்பது இலக்கு. அதுவரை நிலையம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே கட்டுமானமும் நடக்கும். வாகனம் நிறுத்துமிடமும் நுழைவழியும் மாறக்கூடும் என்பதால், வழக்கத்தைவிட அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்குவது நல்லது.

வரிசையைக் குறைக்கும் இயந்திரங்கள்

2008 ஜூன் 1 முதல் உலக விமான நிறுவனங்களின் சங்கம் காகிதப் பயணச்சீட்டை முழுமையாக நிறுத்தி மின்சீட்டுக்கு மாறியது. அதன் பிறகு கைபேசியிலேயே பயணத்தைப் பதிவு செய்து விமான நுழைவு அட்டையைப் பெறுவது, நிலையத்தில் உள்ள இயந்திரத்தில் பெட்டிக்கான வில்லையைப் பயணியே அச்சிடுவது, பெட்டியைத் தனி முகப்பில் ஒப்படைப்பது என ஒவ்வொன்றாக வந்தன.

பெட்டிகளைப் பின்தொடரும் முறையும் மேம்பட்டுள்ளது. பெட்டி எங்கே ஏற்றப்பட்டது, எங்கே இறக்கப்பட்டது என்பதைப் பதிவு செய்யும் விதி 2018-ல் நடைமுறைக்கு வந்தது. உலக அளவில் 2007-ல் 1,000 பயணிகளுக்கு ஏறத்தாழ 19 பெட்டிகள் தாமதமாகின, சேதமாகின அல்லது தொலைந்தன. 2024-ல் அது 6.3 ஆகக் குறைந்தது.

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் உள்நாட்டினர் 2024 முதல் கடப்பிதழை வெளியே எடுக்காமலே முகத்தையும் கண்மணியையும் காட்டிக் கடந்து செல்கிறார்கள். இந்தியாவில் 2022 டிசம்பரில் தொடங்கிய டிஜி யாத்ரா, உள்நாட்டு விமானப் பயணிகளை முக அடையாளத்தைக் கொண்டு உள்ளே அனுமதிக்கிறது.

இயந்திரங்களை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதையும் அண்மைக்காலம் காட்டியது. 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் மென்பொருள் கோளாறால் உலகமெங்கும் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் நுழைவு அட்டைகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பயண விவரங்களைக் காகிதத்திலும் ஒரு படி வைத்திருப்பது இன்றும் பழைய பழக்கம் ஆகிவிடவில்லை.

தேய்ந்த கைரேகை

கைரேகை போன்ற உடல் அடையாளத்தைச் சில்லில் பதிந்த கடப்பிதழை உலகிலேயே முதலில், 1998-ல், வெளியிட்ட நாடு மலேசியா. குடிநுழைவுத் துறையின் தானியங்கிக் கதவு அந்தச் சில்லைப் படித்து, பயணியின் அடையாளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திறக்கிறது. இளையோருக்குச் சில நொடி வேலை.

ஆனால் பல்லாண்டுகள் கைவேலை செய்தவர்களின் விரல் ரேகை தேய்ந்துபோவது இயல்பு. வயது ஏற ஏறத் தோலும் வறண்டு ரேகை மங்கும். பால்மரம் வெட்டிய கைகளும் செம்பனைக் குலை தூக்கிய கைகளும் இதற்கு விலக்கல்ல. கதவு திறக்கவில்லை என்றால் அது குற்றமும் இல்லை, கடப்பிதழில் பிழை என்ற பொருளும் இல்லை. அதிகாரி அமர்ந்திருக்கும் முகப்புக்குச் சென்றால் போதும். முதியவரைத் தனியாக அனுப்பிவிட்டுக் குடும்பத்தினர் முன்னே போய்விடுவதால்தான் பதற்றம் வருகிறது. அவரை முன்னே விட்டு, மற்றவர்கள் பின்னே செல்வது நல்லது. கையைத் துடைத்துவிட்டு விரலை மீண்டும் வைத்துப் பார்ப்பதும் சில வேளை பலன் தரும்.

ஏ/எல், ஏ/பி தரும் குழப்பம்

மலேசியத் தமிழர்களின் கடப்பிதழில் பெயரோடு ஏ/எல் அல்லது ஏ/பி என்று இருக்கும். பயணச்சீட்டு முறையோ முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டைக் கேட்கும். சாய்கோட்டையும் பொதுவாக ஏற்காது. இதனால் தந்தை பெயர் முன்னும் பின்னும் மாறிப்போவதும், ஒரே குடும்பத்தில் ஆளுக்கொரு விதமாகப் பதிவாவதும் உண்டு.

பயணச்சீட்டை வாங்கும் முன் கடப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் எழுத்தும் விடாமல் நிரப்ப வேண்டும். ஏ/எல் பகுதியை எப்படி எழுதுவது என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் நடைமுறை மாறலாம். அதை அந்த நிறுவனத்திடமே கேட்டறிவது பாதுகாப்பு. வீட்டில் கூப்பிடும் பெயரிலோ அடையாள அட்டையில் பார்த்த ஞாபகத்திலோ பதிவு செய்தால், பயண நாளில் முகப்பில் நின்று திருத்த வேண்டி வரும். திருத்தக் கட்டணம் சில வேளை சீட்டின் விலையை நெருங்கும்.

வருவோருக்கும் செல்வோருக்கும்

இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை மலேசியாவில் தங்கும் சலுகை 2023 டிசம்பர் 1-ல் தொடங்கி, 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. திரும்பிச் செல்லும் சீட்டு, தங்குமிட விவரம், போதிய பணம் ஆகியவற்றை அதிகாரிகள் கேட்கலாம். திருமணத்துக்கோ தைப்பூசத்துக்கோ வரும் உறவினரிடம், அழைக்கும் வீட்டின் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுத்தில் இருப்பது உதவும்.

2024 ஜனவரி 1 முதல் வெளிநாட்டினர் மலேசிய மின்னியல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். வந்து சேருவதற்கு முந்திய மூன்று நாள்களுக்குள் குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில் நிரப்பலாம். கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் அரசாங்கத் தளம் அல்ல.

இந்தியா செல்லும் மலேசியர்களுக்கு விசா தேவை. இந்திய அரசின் அதிகாரப்பூர்வ மின் விசா தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதைப்போலவே தோற்றமளிக்கும் இடைத்தரகர் தளங்கள் பல உள்ளன. கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் வெளிநாட்டினர் இந்தியாவுக்கும் மின்னியல் வருகை அட்டையை நிரப்புகிறார்கள். இறங்குவதற்கு முந்திய 72 மணி நேரத்துக்குள் அதை இலவசமாகச் செய்யலாம். இவற்றைச் செய்யத் தெரியாத பெற்றோருக்குப் பிள்ளைகளே நிரப்பி, அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடுவது எளிய உதவி.

பெட்டியில் பூசைப் பொருள்

சோதனை முகப்பில் தமிழ்க் குடும்பங்களைத் தாமதப்படுத்துபவை பெரும்பாலும் சமையலறைப் பொருளும் பூசைப் பொருளும்தான். கற்பூரம் எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் கைப்பையிலும் கூடாது, ஒப்படைக்கும் பெட்டியிலும் கூடாது. கொப்பரைத் தேங்காயில் எண்ணெய் மிகுதி. இந்திய விமான நிலையங்களில் அதற்குத் தடை உண்டு. நெய், தேங்காய் எண்ணெய், ஊறுகாய், கோயில் தீர்த்தம் எல்லாம் திரவக் கணக்கில் சேரும். அனைத்துலகப் பயணத்தில் கைப்பையில் ஒரு புட்டி 100 மில்லி லிட்டரைத் தாண்டக்கூடாது.

கைபேசிக்கு மின்னேற்றம் தரும் பவர் பேங்க் இதற்கு நேர்மாறானது. அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கக்கூடாது. 2025 ஏப்ரல் முதல் மலேசியா ஏர்லைன்ஸ், ஏர் ஏசியா விமானங்களில் பறக்கும்போது அதைப் பயன்படுத்தவும் தடை உள்ளது.

ஊரிலிருந்து கொண்டுவரும் செடி, விதை, மண், இறைச்சி போன்றவற்றுக்கு மலேசியாவில் அனுமதி தேவை. அனுமதியின்றிக் கொண்டுவந்தால் பறிமுதல் செய்யப்படலாம், தண்டனையும் உண்டு.

சக்கர நாற்காலி கேட்கத் தயங்க வேண்டாம்

நீண்ட தூரம் நடக்க முடியாதவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள், அறுவை சிகிச்சைக்குப் பின் பயணம் செய்பவர்கள் சக்கர நாற்காலி உதவியைக் கேட்கலாம். பயணச்சீட்டுப் பதிவின்போதே சொல்லிவிடுவது சிறப்பு. இல்லையேல் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் விமான நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். புறப்படும் இடத்தில் மட்டுமல்லாமல் இறங்கும் இடத்திலும் உதவி வேண்டும் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

உதவி கேட்பது பிறருக்குத் தொந்தரவு என்று எண்ணும் மூத்தவர்கள் பலர் உண்டு. அது பயணியின் உரிமை. நீரிழிவு மருந்தும் இன்சுலினும் கைப்பையிலேயே இருக்க வேண்டும். மருத்துவரின் கடிதம் உடன் இருந்தால் சோதனையில் கேள்வி குறையும்.

விமானம் தாமதமானால்

மலேசிய விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதி 2016 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி விமானம் 2 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் உணவும், தொலைபேசி, இணைய வசதியும் தர வேண்டும். 5 மணி நேரத்தைத் தொட்டு, இரவு தங்க வேண்டிய நிலை வந்தால் தங்குமிடமும் போக்குவரத்தும் தர வேண்டும். 2024 செப்டம்பர் 2 முதல், 5 மணி நேரத்துக்குக் குறையாத தாமதத்தில் பயணம் வேண்டாம் என்பவர் முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். பணம் செலுத்திய வழியிலேயே 30 நாளுக்குள் அது வந்து சேர வேண்டும்.

பெட்டி சேதமாகியிருந்தால் நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே முகப்பில் அறிக்கை கொடுத்து நகலைப் பெற வேண்டும். சேதத்துக்கான எழுத்துப்பூர்வப் புகாரை 7 நாளுக்குள் அளிக்க வேண்டும். தாமதமாக வந்த பெட்டிக்கு, அது கைக்கு வந்ததிலிருந்து 21 நாள் அவகாசம். முதலில் விமான நிறுவனத்திடம் புகார் செய்ய வேண்டும். பலன் இல்லையென்றால் மலேசிய பொது வான் போக்குவரத்து ஆணையத்தை நாடலாம். முன்பு இப்பணியைக் கவனித்த மாவ்கோம் 2025 ஆகஸ்ட் 1-ல் அதனுடன் இணைக்கப்பட்டது.

நிலையத்துக்குச் செல்லும் வழி

சுங்கை பட்டாணி, கூலிம், நிபோங் திபால் வட்டாரங்களிலிருந்து வருவோருக்கு, 2014-ல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலம் வசதியானது. பத்து காவானில் ஏறினால் பத்து மாவுங்கில் இறங்கும் அந்தப் பாலம் விமான நிலையத்துக்கு அருகில் கொண்டுவந்து விடுகிறது. முதல் பாலத்தின் நெரிசலையும் தவிர்க்கலாம். பட்டர்வொர்த்திலிருந்து படகில் வருவோர், தீவுப் படகுத்துறையிலும் கொம்தாரிலும் ரேபிட் பினாங்கு 401 பேருந்தைப் பிடிக்கலாம்.

அனைத்துலகப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வருவது நல்ல கணக்கு. பதிவு முகப்பு பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடப்படும். தைப்பூச, தீபாவளிக் காலங்களில் பாலத்தில் செலவாகும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் முறை பறக்கும் மூத்தவரின் கைப்பையில் இருக்க வேண்டியவை சிலவே: கடப்பிதழ், அச்சிட்ட பயண விவரம், விசா நகல், மருந்து, சென்று சேரும் வீட்டின் முகவரி, அழைக்க வேண்டிய இரண்டு தொலைபேசி எண்கள். கைபேசி அணைந்துபோனாலும், கதவு திறக்க மறுத்தாலும், அந்தத் தாள்களைக் காட்டி அவரால் உதவி கேட்க முடியும்.